வியர்வை கொட்டுது... உடம்பு குளிரலையே!
மேடும் புழுக்கமும் நிறைந்த திருவனந்தபுரத்தில் ஓடுவது எப்படி?

என் அக்கா கணவருக்கு வயது 51. வங்கி உத்தியோகம். கோயம்புத்தூரில் பன்னிரண்டு வருஷமாக ரேஸ்கோர்ஸ் சாலையில் தினமும் காலையில் ஓடியவர். ஐந்து கிலோமீட்டரை முப்பது நிமிஷத்தில் முடித்து, வீட்டுக்கு வந்து குளித்து, டிபன் சாப்பிட்டுவிட்டு ஆபீஸ் கிளம்பும் ரகம். லேசாக பி.பி. உண்டு. அதற்கு ஒரு மாத்திரை. மற்றபடி ஆள் திடகாத்திரம்!

ஒரு ஏப்ரல் மாதத்தில் அவருக்குத் திருவனந்தபுரத்துக்கு மாற்றல் வந்தது. நான் அங்கே பல வருஷமாகக் குடியிருப்பவன். வந்து இறங்கிய மூன்றாம் நாளே, "மியூசியம் பக்கம் ஓடலாம்னு சொன்னியேப்பா, வா போலாம்" என்று ஷூவை மாட்டிக்கொண்டு நின்றார்.

"மாமா, இது மேடு பள்ளமான ஊருங்க. நாலு நாள் நடந்து பழகிட்டு அப்புறம் ஓடலாமே" என்றேன்.

"பன்னெண்டு வருஷமா ஓடறவனுக்கு நீ பாடம் எடுக்கறியா?" என்று சிரித்தார்.

மியூசியம் வாசலிலிருந்து கனகக்குன்னு, வெள்ளையம்பலம், ராஜ்பவன் வழியாகக் கவடியார் போய்த் திரும்புவதாகத் திட்டம். போகும்போது தெம்பாகத்தான் போனார். திரும்பும்போது ஒரு ஏற்றத்தில் அவர் கால் தடுமாறியது. முகம் சிவந்து, பனியன் நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. "மாமா, நிறுத்துங்க" என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்து, "ரேஸ்கோர்ஸ் எந்தப் பக்கம்?" என்று கேட்டார்!

எனக்கு உயிரே போய்விட்டது. அப்படியே அவர் சாலையோரத்தில் சரிந்தார். நடைப்பயிற்சிக்கு வந்திருந்த ஒரு பெரியவர் ஓடி வந்து, "வெள்ளம் ஒழிக்கூ, வெள்ளம் ஒழிக்கூ!" என்று கத்தினார். மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். பக்கத்து வீட்டு வாட்ச்மேன் ரப்பர் குழாயையே இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். நிழலில் படுக்கவைத்து, பனியனைக் கழற்றி, தலையிலிருந்து கால் வரை தண்ணீரைப் பாய்ச்சினோம். ஒருவர் செய்தித்தாளால் விசிறினார். இன்னொருவர் 108-க்கு போன் செய்தார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் மாமா கண் திறந்து, "என்னப்பா ஆச்சு?" என்றார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னது இன்னும் காதில் ஒலிக்கிறது: "இது மயக்கம் இல்லை, வெப்பத் தாக்கு. நீங்கள் ஊற்றிய தண்ணீர்தான் இவரைக் காப்பாற்றியது. அப்படியே ஆட்டோவில் தூக்கிப் போட்டு வந்திருந்தால் கதை வேறாகியிருக்கும்."

பன்னிரண்டு வருஷம் ஓடிய மனிதருக்கு இது ஏன் நடந்தது? அந்த ஊரில் எத்தனையோ பேர் ஆரோக்கியமாக ஓடுகிறார்களே, அது எப்படி? விவரமாகப் பார்ப்போம். திருவனந்தபுரம் மட்டுமல்ல, புழுக்கம் உள்ள எந்த ஊர்க்காரருக்கும் இது உதவும்.

உடம்புக்குள் ஓர் அடுப்பு

ஓடும்போது நாம் செலவழிக்கும் சக்தியில் ஏறத்தாழ கால் பங்குதான் ஓடுவதற்குப் பயன்படுகிறது. மீதி முக்கால் பங்கு சூடாக மாறிவிடுகிறது. சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போமா?

சுமாராக, ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டர் ஓட்டத்துக்கு ஒரு கலோரி செலவாகும். 60 கிலோ எடையுள்ளவர் 5 கிலோமீட்டர் ஓடினால் 300 கலோரி. அதில் முக்கால் பங்கு, அதாவது 225 கலோரி சூடாகிவிடும். 60 கிலோ உடம்பின் வெப்பத்தை ஒரு டிகிரி உயர்த்த 50 கலோரி போதும். அந்தச் சூடு வெளியேறாமல் உள்ளேயே தங்கினால் என்ன ஆகும்? 37 டிகிரி செல்சியஸாக இருக்கும் உடம்பு 41 டிகிரியைத் தாண்டிவிடும்! 40-ஐத் தாண்டினாலே மூளை குழம்ப ஆரம்பிக்கும்.

அப்படி ஆகாமல் நம்மைக் காப்பது வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் 580 கலோரி சூட்டை எடுத்துக்கொண்டு போகும். மேலே சொன்ன 225 கலோரியைப் போக்க, அரை லிட்டருக்கும் குறைவான வியர்வையே போதும். ஆனால், ஒரு நிபந்தனை. அது ஆவியாக வேண்டும்! நெற்றியிலிருந்து சொட்டித் தரையில் விழும் வியர்வை உடம்பை அநேகமாகக் குளிர்விப்பதே இல்லை. தண்ணீரும் உப்பும் போனதுதான் மிச்சம்.

துவைத்த துணியை வெயில் காலத்தில் மொட்டைமாடியில் போட்டால் ஒரு மணி நேரத்தில் காய்கிறது. அடைமழை நாளில் கொடியில் போட்டால் மறுநாளும் ஈரமாகவே தொங்குகிறது. காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருந்தால் ஈரம் காயாது. நம் தோலுக்கும் அதே கதிதான். திருவனந்தபுரம் கடலை ஒட்டிய ஊர். வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் காலை நேர ஈரப்பதம் 80 சதவிகிதத்துக்கு மேல். மாமாவின் பனியன் சொட்டியதை நாங்கள் 'நல்லா வியர்க்குது' என்று நினைத்தோம். உண்மையில், வியர்வை வேலை செய்யவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம்!

காலையில் 90, மதியம் 60... எது நல்லது?

இங்கே பலரும் குழம்புவார்கள். "காலையில் ஈரப்பதம் 90 சதவிகிதம், மதியம் 60 சதவிகிதம்தானே? அப்படியானால் மதியம் ஓடலாமா?"

கூடவே கூடாது! இந்தச் சதவிகிதம் கொஞ்சம் ஏமாற்றுக் கணக்கு. சூடான காற்று அதிக நீராவியைத் தாங்கும். அதனால் வெப்பம் ஏறும்போது சதவிகிதம் தானாகக் குறையும். 25 டிகிரியில் 90 சதவிகிதம் என்றாலும், 32 டிகிரியில் 60 சதவிகிதம் என்றாலும், காற்றில் உள்ள நீராவியின் அழுத்தம் கிட்டத்தட்ட ஒன்றேதான். வியர்வை காயும் சிரமமும் ஏறக்குறைய அதேதான். ஆனால், மதியத்தில் ஏழு டிகிரி வெப்பமும் தலைக்கு மேல் வெயிலும் கூடுதல் சுமை.

ஆகவே, விடிகாலைதான் சரியான நேரம். திருவனந்தபுரத்தில் வருஷம் முழுவதும் சூரியன் ஆறு மணிக்கும் ஆறே முக்காலுக்கும் இடையில் உதித்துவிடும். ஏழு மணிக்குள் ஓட்டத்தை முடித்துவிடுங்கள். மாலையில்தான் முடியும் என்பவர்கள் வெயில் இறங்கிய பிறகு ஓடலாம். ஏப்ரல், மே மற்றும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் மாலையில் இடி மின்னல் அதிகம். முதல் இடிச் சத்தம் கேட்டதுமே கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். மரத்தடியில் நிற்கக் கூடாது.

ஏற்றம் கேட்கும் கூலி

அடுத்தது மேடு. திருவனந்தபுரம் சிறு குன்றுகளின் மேல் பரவிய ஊர். சமதளமாக அரை மைல் போனால் அதிசயம். காரில் போகிறவருக்குத் தெரியாத ஏற்றமெல்லாம் ஓடுகிறவருக்குத் தெரியும்.

மறுபடியும் நம் 60 கிலோ மனிதரையே எடுத்துக்கொள்வோம். சமதளத்தில் அரை கிலோமீட்டர் ஓட 30 கலோரி. அதே அரை கிலோமீட்டரில் 30 மீட்டர், அதாவது சுமார் பத்து மாடி உயரம் ஏற வேண்டியிருந்தால்? உடம்பை மேலே தூக்க மட்டும் இன்னும் 17 கலோரி தேவை. அதே வேகத்தில் ஏறினால், வேலை ஒன்றரை மடங்குக்கும் மேல்! சூடும் அதற்கேற்ப ஏறும். வேகத்தைக் குறைத்தாலோ, உடம்பின் மேல் வீசும் காற்று குறையும். வியர்வை இன்னும் மெதுவாகக் காயும். மேடும் புழுக்கமும் சேர்ந்தால் ஏன் ஆபத்து என்று இப்போது புரிகிறதல்லவா?

இதயத்துக்கும் இரட்டை வேலை. கால் தசைக்கும் ரத்தம் அனுப்ப வேண்டும். சூட்டைக் கடத்தத் தோலுக்கும் அனுப்ப வேண்டும். அதனால் புழுக்கமான நாளில், அதே வேகத்தில் ஓடினாலும் நாடித் துடிப்பு நிமிஷத்துக்குப் பத்து, பதினைந்து கூடுவது சாதாரணம்.

"சமாளித்து ஓடினால் பழகிவிடாதா?" என்று கேட்பீர்கள். உலகின் தலைசிறந்த ஓட்டக்காரர்களே இதற்கு விட்டுக்கொடுத்தவர்கள்தான். 1996 ஒலிம்பிக் நடந்த அட்லாண்டா, அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ள மேடு பள்ளமான, கோடையில் புழுங்கும் நகரம். மாரத்தானைக் காலை ஏழு மணி வாக்கிலேயே தொடங்கினார்கள். வென்ற தென்னாப்பிரிக்க வீரர் ஜோசியா துக்வானேயின் நேரம் 2 மணி 12 நிமிஷம் 36 விநாடி. அன்றைய உலகின் சிறந்த நேரத்தைவிட ஐந்தரை நிமிஷத்துக்கு மேல் அதிகம். போட்டித் தந்திரமும் ஒரு காரணம்தான். என்றாலும், அந்த ஊரில் யாரும் சாதனை நேரத்தை எதிர்பார்க்கவில்லை. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், வெப்பத்துக்குப் பயந்து மாரத்தானையே சுமார் 800 கிலோமீட்டர் வடக்கே உள்ள சப்போரோவுக்கு மாற்றினார்கள். தங்கப் பதக்கக்காரர்களே அடங்கிப் போகும்போது நமக்கென்ன வீம்பு?

கடிகாரத்தைப் பார்க்காதீர்கள்... பேசிப் பாருங்கள்!

மாமா செய்த முதல் தப்பு, கோயம்புத்தூர் நேரத்தைத் திருவனந்தபுரத்தில் எதிர்பார்த்தது. புழுக்கமான ஊரில் கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிடலாம். கூட வருபவரிடம் ஒரு முழு வாக்கியம் மூச்சு வாங்காமல் பேச முடிகிறதா? அதுதான் சரியான வேகம். ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு இரைத்தால் வேகத்தைக் குறையுங்கள். ஏற்றத்தில் பேச முடியவில்லையா? நடந்துவிடுங்கள். மேட்டில் நடப்பது கேவலம் இல்லை, கெட்டிக்காரத்தனம்!

பி.பி., இதய நோய்க்காகச் சிலவகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு நாடித் துடிப்பு மருந்தாலேயே குறைவாக இருக்கும். அவர்கள் துடிப்பை எண்ணி ஏமாறக் கூடாது. அவர்களுக்கும் இந்தப் பேச்சுப் பரீட்சைதான் நல்லது.

ஏறும்போது சின்ன அடி வையுங்கள். இடுப்பில் மடங்கிக் குனியாதீர்கள். பார்வை பத்தடி முன்னால் இருக்கட்டும்.

இறக்கத்தில்தான் பலர் காலைக் கெடுத்துக்கொள்கிறார்கள். "சும்மா உருண்டு போயிடலாம்" என்று நீள நீளமாகத் தாவுவார்கள். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கிறது. மறுநாள், அதற்கடுத்த நாள் படி இறங்க முடியாமல் தொடை வலிப்பது இதனால்தான். முழங்காலுக்கும் அடி அதிகம். இறக்கத்திலும் சின்ன அடிதான். மூட்டுவலி உள்ளவர்கள் இறக்கத்தை நடந்தே கடக்கட்டும்.

உடம்புக்கு இரண்டு வாரம் கொடுங்கள்

மாமாவின் இரண்டாவது தப்பு, மூன்றாம் நாளே ஓடியது. புது வெப்பத்துக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாட்கள் பிடிக்கும். அந்த நாட்களில் உள்ளே பெரிய மாற்றமே நடக்கிறது. ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடுகிறது. வியர்வை சீக்கிரமே சுரக்க ஆரம்பிக்கிறது. அதில் உப்பு குறைகிறது. நாடித் துடிப்பு அடங்குகிறது. ஆனால், ஏ.சி. அறையிலேயே உட்கார்ந்திருந்தால் இது நடக்காது. தினமும் கொஞ்ச நேரம் வெளியில் உடம்பை அசைத்தால்தான் நடக்கும். பழக்கம் விட்டால் சில வாரங்களில் இந்தப் பலன் போய்விடும். வெளியூர் போய்த் திரும்பியவர்களும் மெதுவாகத்தான் ஆரம்பிக்க வேண்டும்.

புதிதாக வந்தவர்களுக்கு எங்கள் டாக்டர் எழுதிக் கொடுத்த அட்டவணை இது:

முதல் 4 நாட்கள்: 20 நிமிஷம் நடை மட்டும்.
5 முதல் 9-ம் நாள் வரை: 25 நிமிஷம். சமதளத்தில் 1 நிமிஷம் மெல்லோட்டம், 2 நிமிஷம் நடை.
10 முதல் 14-ம் நாள் வரை: 30 நிமிஷம். 2 நிமிஷம் ஓட்டம், 1 நிமிஷம் நடை. ஏற்றம் வந்தால் நடை.
மூன்றாவது வாரம்: சமதளத்தில் தொடர்ந்து ஓட்டம். வாரம் ஒரு நாள் மட்டும் ஒரு சிறு ஏற்றம்.
நான்காவது வாரம்: வாரம் இரண்டு நாள் ஏற்றம். வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு.

இடம் தேடுகிறவர்களுக்கு மியூசியம் வளாகம் கைகொடுக்கும். 1880-ல் கட்டி முடிக்கப்பட்ட நேப்பியர் மியூசியத்தைச் சுற்றி நிழல் மரங்களும், நடப்பவர்கள் கூட்டமும் உண்டு. ஆபத்து என்றால் உடனே ஆள் வரும். தனியாக ஓடுவதைவிட, நாலு பேர் கண்ணில் படும் இடத்தில் ஓடுவது எவ்வளவோ மேல். சங்குமுகம் கடற்கரைச் சாலை சமதளம், காற்றும் வீசும். ஆரம்பிப்பவர்களுக்கு அதுவும் நல்லது.

தண்ணீர்: எவ்வளவு? எப்போது?

"குடம் குடமாகக் குடி" என்பதும் தப்பு. "ஓடும்போது குடிக்கவே கூடாது" என்ற பழைய உபதேசமும் தப்பு. கிளம்புவதற்கு முன் ஒன்றிரண்டு டம்ளர் தண்ணீர். அரை மணி நேர ஓட்டம் என்றால், இடையில் தாகம் எடுத்தால் குடித்தால் போதும். அதற்கு மேல் ஓடுகிறவர்கள் கையில் ஒரு பாட்டில் வைத்துக்கொள்ளட்டும்.

எவ்வளவு வியர்வை போகிறது என்று அறிய வீட்டிலேயே வழி உண்டு. ஓடுவதற்கு முன்னும் பின்னும், ஈரத்துணி இல்லாமல் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் சுமார் ஒரு லிட்டர் நீர் போயிருக்கிறது. 60 கிலோ உள்ளவருக்கு 1.2 கிலோவுக்கு மேல் குறைந்தால், குடித்தது போதவில்லை. எடை கூடியிருந்தால்? அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள்! அதுவும் ஆபத்தே. ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, வாந்தி, வலிப்பு வரை போகலாம்.

திரும்பி வந்ததும் உப்புப் போட்ட மோர், எலுமிச்சை ஜூஸ், கஞ்சித் தண்ணீர் எல்லாமே நல்லவை. இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. வியர்வையில் போவதோ பெரும்பாலும் சோடியம். ஆகவே, இளநீரோடு உப்புப் பண்டமும் கொஞ்சம் சேரட்டும். சிறுநீரக நோயாளிகள் டாக்டரைக் கேட்காமல் இளநீர் குடிக்கக் கூடாது. பி.பி. உள்ளவர்கள் உப்பு விஷயத்திலும் டாக்டர் சொல்படி நடக்கட்டும்.

மழைக்காலம் வந்தால்...

ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை என்று திருவனந்தபுரத்துக்கு இரண்டு மழை. சாரலில் ஓடுவது சுகம்தான். ஆனால், தேங்கிய தண்ணீரில் கால் வைக்காதீர்கள். கேரளத்தில் மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் பரவும். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர், காலில் உள்ள சின்னக் கீறல் வழியாகவே கிருமியை உள்ளே விட்டுவிடும். காலில் புண் இருந்தால் அன்று ஓட்டத்துக்கு லீவு!

ஈர ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து வைத்தால் சீக்கிரம் காயும். முடிந்தால் இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு மாற்றிப் போடுங்கள். விரல் இடுக்குகளைத் துடைத்துக் காயவைத்தால் சேற்றுப்புண் வராது. தொடை உரசும் இடத்தில் கொஞ்சம் வாஸலின் தடவிக்கொள்ளலாம். கனமான பருத்தி உடை வியர்வையைக் குடித்துக்கொண்டு கனக்கும். மெல்லிய, தளர்ந்த, சீக்கிரம் காயும் துணியே நல்லது. பெண்களுக்கும் இது பொருந்தும்.

அடுக்களைச் சுவரில் ஒட்டி வையுங்கள்!

எச்சரிக்கை: தலைசுற்றல், குமட்டல், தலைவலி, தசைப் பிடிப்பு, புழுக்கத்திலும் உடம்பு சிலிர்ப்பது. இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே நிறுத்தி, நிழலுக்குப் போய், தண்ணீர் குடித்து, உடம்பை நனைக்க வேண்டும்.

ஆபத்து: தடுமாற்றம், சம்பந்தமில்லாத பேச்சு, கோபம், மயக்கம், வலிப்பு. இது வெப்பத் தாக்கு. 'வியர்க்கிறதே, அதனால் வெப்பத் தாக்கு இல்லை' என்று நினைக்காதீர்கள். ஓடும்போது வரும் வெப்பத் தாக்கில் வியர்வை கொட்டிக்கொண்டேதான் இருக்கும்.

செய்ய வேண்டியது: 108-க்கு போன். ஆம்புலன்ஸ் வரும்வரை குளிர்விப்பதை நிறுத்தக் கூடாது. உடையைத் தளர்த்தி, உடம்பு முழுவதும் குளிர்ந்த நீர் ஊற்றி விசிற வேண்டும். ஐஸ் கிடைத்தால் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வைக்கலாம். முதலில் குளிர்விப்பு, பிறகுதான் பயணம்!

செய்யக் கூடாதது: நினைவு தெளிவில்லாதவர் வாயில் தண்ணீர், சோடா எதையும் ஊற்றக் கூடாது. காய்ச்சல் மாத்திரை கொடுக்கக் கூடாது. இந்தச் சூட்டுக்கு அது பலிக்காது.

யார் டாக்டரைக் கேட்க வேண்டும்?

நாற்பது வயதைத் தாண்டிப் புதிதாக ஓட ஆரம்பிப்பவர்கள், இதய நோய், பி.பி., சர்க்கரை உள்ளவர்கள், கர்ப்பிணிகள். சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவர்களுக்கும் சில மாத்திரைகள் சாப்பிடுபவர்களுக்கும் ஓடும்போது சர்க்கரை இறங்கிவிடலாம். பாக்கெட்டில் நாலு சர்க்கரைக் கட்டியோ மிட்டாயோ இருக்கட்டும். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, தூக்கமில்லாத இரவு... இவற்றுக்கு மறுநாள் யாருமே ஓடக் கூடாது.

மாமா விஷயத்தில் டாக்டர் துருவிக் கேட்டபோதுதான் மீதிக் கதை வெளியே வந்தது. சாமான் அடுக்கிய அலுப்பில் முந்தின இரவு மூன்று மணி நேரம்தான் தூக்கம். அவர் சாப்பிட்ட பி.பி. மாத்திரை, உடம்பிலிருந்து நீரை வெளியேற்றும் வகை. பழகாத ஊர், ஏற்றம், ஏப்ரல் புழுக்கம், அரைத் தூக்கம், நீர் மாத்திரை. தனித்தனியாக வந்திருந்தால் எதுவும் அவரைச் சாய்த்திருக்காது. ஐந்தும் ஒரே காலையில் கூடிவிட்டன! மாத்திரையை நாமாக நிறுத்தவும் கூடாது. டாக்டர்தான் பார்த்து வேறு மாத்திரைக்கு மாற்றினார்.

ஒரு மாதம் முழு ஓய்வு. ரத்தப் பரிசோதனைகள் எல்லாம் சரியாக வந்த பிறகு, ஜூன் மழையில், அட்டவணைப்படி முதல் நாளிலிருந்து ஆரம்பித்தார். இப்போது அதே கவடியார் சாலையில் ஐந்து கிலோமீட்டரை நாற்பது நிமிஷத்தில் முடிக்கிறார். ஏற்றம் வந்தால் நடக்கிறார். அக்காவும் மியூசியத்தைச் சுற்றி நடக்க வருகிறாள். அவள் கையில் எப்போதும் ஒரு பெரிய தண்ணீர் பாட்டில்!

போன வாரம் புதிதாக மாற்றலாகி வந்த ஒருவர், "நாளைக்கே ஓட வரட்டுமா சார்?" என்று மாமாவைக் கேட்டார்.

"ரெண்டு வாரம் நடங்க தம்பி. ஊர் எங்கேயும் ஓடிப் போயிடாது" என்றார் மாமா.

சுவர் இருந்தால்தானே சித்திரம்!